எழும்பூர் மியூசியம் 175: மண் தந்ததும், ஊருக்குத் தர வேண்டியதும்

வீட்டுக்குக் கடைக்கால் தோண்டும்போதோ, குளத்தைத் தூர் வாரும்போதோ, கடப்பாரை எதிலோ முட்டி ‘ணங்’ என்கிறது. மண்ணை விலக்கினால் பச்சை படர்ந்த ஒரு கை, பிறகு ஒரு தோள், பிறகு கிரீடம். அரை மணி நேரத்தில் ஊரே கூடிவிடும். யாரோ தண்ணீர் ஊற்றிக் கழுவுகிறார்கள், யாரோ சூடம் ஏற்றுகிறார்கள். வி.ஏ.ஓ. வருகிறார், பின்னாலேயே தாசில்தார் வருகிறார். மாலைக்குள் சாமி தாலுகா ஆபீஸுக்குப் போய்விடுகிறது. டெல்டா மாவட்டங்களில் இதைப் பார்க்காத தலைமுறை இல்லை.

தாசில்தார் வருவதற்குக் காரணமான சட்டம் 1878-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. இந்தியப் புதையல் சட்டம் என்று பெயர். பூமிக்கடியில் பத்து ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள எது கிடைத்தாலும் மாவட்ட ஆட்சியருக்குத் தெரிவித்தாக வேண்டும். கண்டெடுத்தவருக்கும் நிலத்துக்காரருக்கும் பங்கு உண்டு. அரசுக்கே அந்தப் பொருள் வேண்டுமென்றால் விலை கொடுத்து எடுத்துக்கொள்ளலாம். அந்த விலைக்குச் சட்டம் சொல்லும் கணக்கு இதுதான்: பொருளில் இருக்கும் உலோகத்தின் மதிப்பு, அதற்கு மேல் ஐந்தில் ஒரு பங்கு. ஒரு சோழர் காலத்துத் திருமேனிக்கும் சட்டத்தின் பார்வையில் செம்பின் எடைக்கு விலை, கூடவே கொஞ்சம் மேலதிகம். அவ்வளவே.

கொடுமையான கணக்குதான். ஆனாலும் எழும்பூர் பாந்தியன் சாலையில் இருக்கும் சென்னை அரசு அருங்காட்சியகத்தின் வெண்கலப் பிரிவு, உலகில் வேறெங்கும் இல்லாத ஒன்றாக வளர்ந்தது இந்தச் சட்டத்தின் வழியாகத்தான். லண்டனிலும் பாரிஸிலும் நியூயார்க்கிலும் உள்ள பெரிய கலைக்கூடங்கள் போரில் எடுத்தவை, ஏலத்தில் வாங்கியவை, செல்வந்தர்கள் எழுதிவைத்தவை ஆகியவற்றால் நிறைந்தவை. எழும்பூரின் செப்புத் திருமேனிகளில் பெரும்பாலானவை நம் வயல்களிலிருந்தும் கோயில் பிரகாரங்களிலிருந்தும் மண்வெட்டி முனையில் வெளிப்பட்டு, ஆட்சியர் அலுவலகம் வழியாக இங்கே வந்து சேர்ந்தவை. கொடுத்தவர்கள் ராஜாக்களோ ஜமீன்தார்களோ அல்லர், பெயர் தெரியாத உழவர்களும் கூலிக்காரர்களும்.

1851-இல் தொடங்கிய அந்த மியூசியத்துக்கு 2026-இல் 175 வயது. இந்த நேரத்தில் அதன் பழம்பெருமையைப் பேசுவது நியாயம், பேசத்தான் போகிறோம். ஆனால் மண்ணிலிருந்து வந்த இந்தச் செல்வத்துக்கு அது பதிலுக்கு என்ன செய்திருக்கிறது, இனி என்ன செய்ய வேண்டும் என்பதே இப்போது கேட்க வேண்டிய கேள்வி.

புலியும் கல்லும் ஒரே கூரையின் கீழ்

மெட்ராஸில் ஓர் அருங்காட்சியகம் வேண்டும் என்று 1846-இல் முதலில் கேட்டது சென்னை இலக்கியச் சங்கம். கிழக்கிந்தியக் கம்பெனியின் லண்டன் இயக்குநர்கள் ஒப்புக்கொள்ளச் சில ஆண்டுகள் பிடித்தன. 1851-இல் எட்வர்ட் பால்ஃபர் என்ற ராணுவ மருத்துவர் பொறுப்பேற்றார். இலக்கியச் சங்கம் கொடுத்த சுமார் 1,100 கனிம, பாறை மாதிரிகளோடு, இன்று கல்லூரிச் சாலை என்று நாம் சொல்லும் இடத்திலிருந்த புனித ஜார்ஜ் கோட்டைக் கல்லூரிக் கட்டடத்தில் மியூசியம் திறந்தது. மூன்றாண்டுகளில் இடம் போதாமல், 1854 இறுதியில் எழும்பூர் பாந்தியனுக்கு மாறியது. பாந்தியன் என்பது வெள்ளைக்காரத் துரைமார்கள் நடனத்துக்கும் விருந்துக்கும் கூடிய பழைய மாளிகை. சாலையின் பெயரில் மட்டும் அது இன்னும் மிச்சமிருக்கிறது.

பால்ஃபருக்கு ஆர்வம் இல்லாத துறை கிடையாது. காடு அழிந்தால் மழை என்னவாகும் என்று அந்தக் காலத்திலேயே கவலைப்பட்டு எழுதியவர். இந்தியாவைப் பற்றிப் பெரிய கலைக்களஞ்சியம் ஒன்றைத் தொகுத்தவர். மியூசியத்துக்கு மக்கள் வர வேண்டும் என்பதற்காக உயிருள்ள புலியையும் சிறுத்தையையும் கொண்டுவந்து கட்டினார். கூட்டம் அலைமோதியது. ஆற்காடு நவாபின் விலங்குகளும் வந்து சேர, மியூசியத் தோட்டமே மிருகக்காட்சிசாலையாகிவிட்டது. 1863-இல் அது பீப்பிள்ஸ் பார்க்குக்குப் போனது. இன்றைய வண்டலூர் பூங்காவின் பூர்வீகம் அதுதான். மியூசியம் ‘செத்த காலேஜ்’, மிருகக்காட்சிசாலை ‘உயிர் காலேஜ்’ என்று மெட்ராஸ்காரர்கள் வைத்த பெயர்கள் பழைய சென்னைவாசிகளின் வாயில் வெகுகாலம் புழங்கின. காணும் பொங்கலன்று குடும்பத்தோடு ‘காலேஜ்’ பார்க்கப் போவது ஊர் வழக்கமாக இருந்தது.

இந்தக் கூட்டம் சாதாரண விஷயமல்ல. ஐரோப்பாவில் அருங்காட்சியகங்கள் படித்தவர்களின் அறையாக இருந்த அதே நூற்றாண்டில், எழும்பூரில் எழுதப் படிக்கத் தெரியாத மக்கள் திருவிழாவுக்குப் போவதுபோல் வந்து திமிங்கில எலும்புக்கூட்டின் கீழ் நின்றார்கள். இன்றும் அங்கே போனால் பள்ளிக்கூடப் பிள்ளைகளும், ஊரிலிருந்து ரயிலில் வந்து இறங்கிய குடும்பங்களும்தான் நிறைந்திருப்பார்கள். சிலர் வெண்கலக் கூடத்தின் கண்ணாடிப் பெட்டிக்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொள்வதைப் பார்க்கலாம். அருங்காட்சியகம் எந்த மக்களுக்கானது என்று கருத்தரங்குகளில் கேட்பவர்களுக்கு இங்கே பதில் நேரில் கிடைக்கும்.

அமராவதிக் கற்கள் பட்ட பாடு

பெருமையை மட்டும் சொல்லிக்கொண்டு போக முடியாது. இந்த மியூசியத்தின் முதல் பெரும் கலைச்செல்வம் அமராவதிப் பௌத்தச் சிற்பங்கள். அவற்றின் கதை வலிக்கும் கதை.

கிருஷ்ணா நதிக்கரையில், இன்றைய ஆந்திரத்தின் குண்டூர்ப் பகுதியில், இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன்பு எழுந்த மகாஸ்தூபம் அது. பதினெட்டாம் நூற்றாண்டின் இறுதியில் கம்பெனி அதிகாரி காலின் மெக்கன்சி அங்கே போனபோதே உள்ளூர்க்காரர்கள் அதன் பலகைகளைப் பெயர்த்து வேறு கட்டுமானங்களுக்கு எடுத்துக்கொண்டிருந்தார்கள். 1845-இல் இன்னொரு கம்பெனி அதிகாரி வால்டர் எலியட் தோண்டி எடுத்த கற்கள் மெட்ராஸுக்கு வந்தன. வந்தவை வெயிலிலும் மழையிலும் ஆண்டுக்கணக்கில் கிடந்தன. 1859-இல் அவற்றில் 121 துண்டுகள் கப்பலேறின. இன்று அவை லண்டன் பிரிட்டிஷ் மியூசியத்தில் தனிக்கூடத்தில் இருக்கின்றன. பிறகு 1880-களில் தொல்லியலாளர் ஜேம்ஸ் பர்ஜெஸ் தோண்டியவை மெட்ராஸுக்கே வந்தன. ஆக, ஒரே ஸ்தூபத்தின் வேலியும் பலகையும் தேம்ஸ் கரையில் பாதி, கூவம் கரையில் பாதி.

இங்கே தங்கியவற்றுக்கும் நிம்மதி இல்லை. அந்தக் காலத்து அதிகாரிகள் நல்லெண்ணத்தோடுதான் அவற்றைச் சுவரில் வைத்துச் சிமெண்ட் பூசிப் பதித்தார்கள். அது சுண்ணாம்புக்கல், பளிங்குபோல வெளிறிய பச்சை ஓடிய மென்மையான கல். சுவரிலிருந்து ஏறும் ஈரம் சிமெண்டின் உப்பைக் கரைத்துக் கல்லுக்குள் கொண்டுபோகும். ஈரம் காயும்போது உப்பு படிகமாகிக் கல்லின் மேல்தோலை உள்ளிருந்து உரித்துத் தள்ளும். புத்தரின் வாழ்க்கை விரல் நுனி அளவு உருவங்களில் செதுக்கப்பட்ட பலகைகளுக்கு இதைவிடப் பெரிய பகை வேறில்லை. பதிப்பது சுலபமாக முடிந்தது. சுவரிலிருந்து பெயர்த்து எடுப்பதுதான் அடுத்த நூற்றாண்டுக்காரர்கள் தலையில் விழுந்தது.

இந்தச் சிற்பங்கள் ஆந்திர மண்ணுக்குரியவை என்ற உணர்வு தெலுங்கு மக்களிடம் உண்டு, அதில் நியாயமும் உண்டு. சென்னை மியூசியம் சென்னை மாகாணம் முழுவதற்குமாகப் பிறந்தது. மாகாணம் பிரிந்தது, சேகரிப்பு பிரியவில்லை. அமராவதியைப் பற்றி 1942-இல் சி. சிவராமமூர்த்தி எழுதிய பெருநூல் இந்த மியூசியத்தின் வெளியீடு. அந்தக் கற்களில் யார் யார், என்ன கதை என்பதை உலகம் தெரிந்துகொண்டது பெருமளவு அவர் உழைப்பால். கல்லைத் திருப்பிக் கேட்பவர்களுக்கும் வைத்திருப்பவர்களுக்கும் பொதுவான ஒரு வேலை காத்திருக்கிறது. லண்டனிலும் சென்னையிலும் அமராவதியிலும் சிதறிய துண்டுகளை அளந்து, படமெடுத்து, கணினியில் ஒரே ஸ்தூபமாக நிறுத்திக் காட்டும் வேலை அது. 175-ஆம் ஆண்டில் அதை முன்னின்று நடத்தும் பொறுப்பு எழும்பூருக்கே உரியது என்று நினைக்கிறேன்.

நாற்காலியில் மாறிய ஆட்கள்

கட்டடங்களை விரைவாகக் கடந்துவிடலாம். 1896-இல் கன்னிமாரா நூலகமும் மியூசியம் தியேட்டரும் வந்தன. கோவில்போல் சிவந்து நிற்கும் தேசியக் கலைக்கூடத்துக்கு 1906-இல் வேல்ஸ் இளவரசர் அடிக்கல் நாட்டினார். ஹென்றி இர்வின் வரைந்து, நம்பெருமாள் செட்டியார் கட்டி, 1909-இல் விக்டோரியா நினைவு மண்டபமாகத் திறக்கப்பட்டது. மியூசியத்தின் நூற்றாண்டான 1951-இல் அதே கட்டடத்தைக் கலைக்கூடமாகத் திறந்துவைத்தவர் நேரு. விக்டோரியாவின் பெயரில் எழுந்த மண்டபத்தில் ரவிவர்மாவின் ஓவியங்கள் மாட்டப்பட்டன. பின்னாளில் அது பழுதுபட்டுப் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்ததையும் சொல்லித்தான் ஆக வேண்டும். ஒரு தலைமுறைச் சென்னைப் பிள்ளைகள் அதை வெளியிலிருந்து மட்டுமே பார்த்து வளர்ந்தார்கள்.

கட்டடங்களைவிட அங்கே நாற்காலியில் உட்கார்ந்தவர்கள் முக்கியம். 1885 முதல் இருபது ஆண்டுகளுக்கு மேல் கண்காணிப்பாளராக இருந்தவர் எட்கர் தர்ஸ்டன். 1909-இல் கே. ரங்காச்சாரியுடன் சேர்ந்து தென்னிந்தியச் சாதிகளையும் குடிகளையும் பற்றி ஏழு தொகுதிகள் வெளியிட்டார். மனிதரின் தலை அகலத்தையும் மூக்கு நீளத்தையும் கருவி வைத்து அளந்து தரம் பிரிக்கலாம் என்று நம்பியவர் அவர். மியூசியம் பார்க்க வந்தவர்களையும் பிடித்து அளந்தார். அந்தத் தொகுதிகளில் அரிய தகவல் ஏராளம், அதை மறுக்க முடியாது. ஆனால் மனிதரை மாதிரிப் பொருளாகப் பார்த்த அந்தக் கண் இந்த நிறுவனத்தின் வரலாற்றில் ஒரு கறை. விழா மலர்களில் அதை மறைத்து எழுதக் கூடாது.

அதே நாற்காலியில் 1940-இல் உட்கார்ந்தார் ஏ. அய்யப்பன். அந்தப் பொறுப்புக்கு வந்த முதல் இந்தியர். கேரளத்துக்காரர், மானுடவியலாளர். பார்த்தாலே தீட்டு என்று விலக்கி வைக்கப்பட்ட நாயாடிகளைப் பற்றி 1930-களிலேயே ஆய்வு செய்தவர். தான் பிறந்த ஈழவர் சமூகம் எப்படி மாறியது என்று நூல் எழுதியவர். அளக்கப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து வந்த ஒருவர் அளவுகோல் இருந்த அறைக்குத் தலைவரானார். எழும்பூர் வரலாற்றில் 1951-இன் விழாவைவிட இந்த மாற்றத்தையே நான் பெரிதாக மதிப்பேன்.

இருவருக்கும் இடையே 1920 முதல் 1940 வரை இருந்தவர் எஃப்.எச். கிரேவ்லி. பயிற்சியால் விலங்கியலாளர். ஆனால் வெண்கலச் சேகரிப்பை ஒழுங்காகப் படித்து, டி.என். ராமச்சந்திரனோடு சேர்ந்து 1932-இல் அதற்கு ஒரு விளக்க அட்டவணை வெளியிட்டார். எந்தத் திருமேனி எந்த ஊரிலிருந்து வந்தது என்பதை அச்சில் ஏற்றிய நூல் அது. அவர் காலத்தில்தான் இன்னொரு முக்கியமான காரியமும் நடந்தது.

வெண்கலத்துக்கு வரும் நோய்

நூற்றாண்டுகளாக மண்ணில் கிடந்த செம்புக்குள் மண்ணின் உப்பு இறங்கியிருக்கும். அது செம்போடு சேர்ந்து குளோரைடாக அடியில் பதுங்கிக்கொள்ளும். மண்ணுக்குள் இருக்கும்வரை தூங்கும். வெளியே எடுத்து, சென்னையின் கடற்காற்று படும் அறையில் வைத்தால் விழித்துக்கொள்ளும். ஈரமும் ஆக்ஸிஜனும் பட்டதும் அது வெளிறிய பச்சைத் தூளாக மாறும். மாறும்போது அமிலம் உண்டாகும். அந்த அமிலம் பக்கத்திலுள்ள நல்ல செம்பைத் தின்னும், அதிலிருந்து மறுபடி குளோரைடு, மறுபடி தூள். இதற்கு வெண்கல நோய் என்றே பெயர். வந்த இடம் ஊசி குத்திய புள்ளிபோலத் தெரியும். கவனிக்காமல் விட்டால் விரலும் மூக்கும் பொடியாகி உதிரும். மண்ணுக்கடியில் அறுநூறு ஆண்டுகள் தாங்கிய சாமி, கண்ணாடிப் பெட்டிக்குள் அறுபது ஆண்டு தாங்காமல் போகலாம்.

இதற்காகவே 1930-இல் எழும்பூரில் ஒரு வேதியியல் பாதுகாப்புக் கூடம் தொடங்கப்பட்டது. நாட்டின் மிகப் பழைய அருங்காட்சியக ஆய்வுக்கூடங்களில் ஒன்று. அதை உருவாக்கியவர் எஸ். பரமசிவன். நோய் கண்ட திருமேனியைக் காரக் கரைசலில் இறக்கி, அதை எதிர்முனையாக்கி, இரும்பை நேர்முனையாக்கி, மெல்லிய மின்சாரம் செலுத்தினால் குளோரைடு மெல்ல மெல்ல உலோகத்தைவிட்டு வெளியே வரும். பிறகு வடிநீரில் ஊறவைக்க வேண்டும். நீரை மாற்ற வேண்டும். மறுபடி ஊறவைக்க வேண்டும். நோய் தீர்ந்ததா என்று பார்க்க, ஊறிய நீரில் கொஞ்சம் எடுத்து வெள்ளி நைட்ரேட் சொட்டுவிடுவார்கள். பால்போலக் கலங்கினால் உப்பு இன்னும் இருக்கிறது. தெளிவாகவே நின்றால் விடுதலை. வாரக்கணக்கில், சில சமயம் மாதக்கணக்கில் நடக்கும் வேலை இது. மின்சார முறை பழம்பச்சையையும் சேர்த்துக் கரைத்துவிடுகிறது என்பதால் இன்று உலகெங்கும் இன்னும் மென்மையான வழிகளைத் தேடுகிறார்கள். ஆனாலும் இன்று நாம் பார்த்து மெய்சிலிர்க்கும் பல முகங்கள் மிஞ்சியது அந்தக் கூடத்தின் பொறுமையால்தான். தஞ்சைப் பெரிய கோயிலின் சோழர் ஓவியங்கள் எந்த முறையில் தீட்டப்பட்டன என்று ஆராய்ந்தவரும் இதே பரமசிவன். சிற்பிகளின் பெயரையே அறியாத நாம், காப்பாற்றியவர்களின் பெயரையாவது பிள்ளைகளுக்குச் சொல்லலாம்.

மூன்று கைகள்

வெண்கலக் கூடத்தில் நிறைய நேரம் இல்லாதவர்கள் ஒரே ஒரு சிலையை நின்று பார்ப்பதானால், திருவெண்காட்டு அர்த்தநாரியைப் பாருங்கள். பதினோராம் நூற்றாண்டு. மண்ணுக்குள் இருந்து வந்தவர்.

முதலில் கைகளை எண்ணுங்கள், மூன்றுதான். வலப்பக்கம் சிவனுக்கு இரண்டு, இடப்பக்கம் உமைக்கு ஒன்று. இந்தச் சமமின்மையை மறைக்கச் சிற்பி முயலவில்லை. வலப்பக்கத்து முன்கை மடங்கி, எதன் மேலோ ஊன்றியதுபோல் காற்றில் நிற்கிறது. அது ஊன்றியிருந்த விடை இன்று இல்லை. இல்லாத காளையின் உயரத்தையும் திமிலின் சரிவையும் அந்த முழங்கை சொல்லிவிடுகிறது. வலக்காலில் துணி தொடையோடு நிற்க, இடக்காலில் கணுக்கால்வரை இறங்குகிறது. இடுப்பு வலப்பக்கம் நேராகவும் இடப்பக்கம் வளைந்தும் ஓடுகிறது. நடுவில் கோடு எங்கே என்று தேடினால் கிடைக்காது. இரண்டு உடல்களை ஒட்டவைத்த அடையாளமே இல்லாமல், ஒரே மூச்சில் நிற்கும் ஒரே உடல். காவிரி வண்டலைப் பூசிய மெழுகு உருகி வழிந்த வெற்றிடத்தில் ஒரே முறை ஊற்றியது. தவறினால் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அச்சை உடைத்த பின் இதுபோல் இன்னொன்று வராது.

மேலும் கொஞ்சம் நேரமிருந்தால் வடக்குப்பனையூர் ராமன் தொகுதி. ராமன், சீதை, இலக்குவன், அவர்களுக்கு முன் சற்றே குனிந்து நிற்கும் அனுமன். அந்த முதுகின் குனிவில் இருக்கும் பணிவைச் சொல்லத் தனிப் புத்தகம் வேண்டும். கீழப்புதனூரிலிருந்து வந்த, நஞ்சைக் கையில் ஏந்திய சிவன் சோழக் கலையின் தொடக்கக் காலத்தவர். கூரம் நடராஜர் காலைக் குறுக்கே வீசாமல் முழங்காலை மடக்கித் தூக்கி ஆடுபவர், ஆடவல்லானின் வடிவம் இன்னும் கெட்டிப்படாத காலத்தவர்.

கடைசியாகத் திருவாலங்காட்டு நடராஜர். சுற்றியிருக்க வேண்டிய திருவாசி இல்லை. பறக்க வேண்டிய சடைகள் இல்லை. அதனாலேயே உடல் மட்டும் எஞ்சி, ஆட்டம் தனியாகத் தெரிகிறது. 1913 வாக்கில் பிரெஞ்சுச் சிற்பி ரோதாங் இந்த நடராஜரைப் பற்றியும் வேளாங்கண்ணி நடராஜரைப் பற்றியும் ஒரு கட்டுரை எழுதினார். அவர் மறைந்த பின் 1921-இல் அது அச்சானது. இரண்டுமே எழும்பூர் மியூசியத்தில் இருப்பவை. ரோதாங் இந்தியாவுக்கு வந்ததில்லை. பார்த்தது புகைப்படங்களை மட்டுமே. நல்ல ஒளியில் எடுத்த சில படங்கள் திருவாலங்காட்டை உலகக் கலை வரலாற்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்த்தன.

படமும் காகிதமும் செய்யும் காரியம்

இந்த இடத்தில்தான் அடுத்த கால் நூற்றாண்டைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

அரியலூர் மாவட்டம் ஸ்ரீபுரந்தான் கோயிலின் நடராஜர் திருடுபோய், கடல் கடந்து, ஆஸ்திரேலியாவின் தேசியக் கலைக்கூடத்தில் நின்றார். 2014-இல் ஆஸ்திரேலியப் பிரதமர் அவரை நேரில் கொண்டுவந்து ஒப்படைத்தார். அவர் நம்முடையவர் என்று எப்படி நிரூபித்தோம்? புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தார் ஊர் ஊராகப் போய்க் கோயில் திருமேனிகளை எடுத்து வைத்திருந்த பழைய புகைப்படங்கள் கைகொடுத்தன. ஒரு படம், அதன் பின்னால் ஓர் ஊர்ப் பெயர். அந்த இரண்டும் இல்லாத எத்தனையோ திருமேனிகள் வெளிநாட்டுக் கூடங்களில் ‘தமிழ்நாடு, சோழர் காலம்’ என்ற ஒற்றை வரியோடு நிற்கின்றன. அவற்றுக்காக வாதாட நம் கையில் எதுவும் இல்லை.

எழும்பூரின் கையில் இருக்கிறது. புதையல் சட்டத்தின்படி வந்த ஒவ்வொரு பொருளுக்கும் காகிதம் உண்டு. எந்தத் தாலுகா, எந்தக் கிராமம், எப்போது கிடைத்தது, கூடவே என்னென்ன கிடைத்தன என்ற விவரம் அரசுக் கடிதப் போக்குவரத்தில் பதிவாகித்தான் சிலை இங்கே வந்திருக்கும். கூடக் கிடைத்தவை முக்கியம். ஒரே குழியில் மணல் நிரப்பி அடுக்கி வைத்த பத்துத் திருமேனிகள் என்றால், 1311-இல் மாலிக் கபூரின் படை வந்தபோதோ, பின்னால் வந்த ஏதோ ஒரு போரிலோ, அந்த ஊர்க் குருக்களும் மக்களும் இரவோடு இரவாக எடுத்த முடிவு அந்தக் குழியில் இருக்கிறது. திரும்ப எடுக்க அவர்கள் வரவேயில்லை. அந்தப் பத்தும் இன்று மூன்று கட்டடங்களில் வெவ்வேறு தலைப்புகளில் பிரிந்து நின்றால் அந்த வரலாறு போய்விடுகிறது.

நாகப்பட்டினத்துப் புத்தர்கள் இதற்கு இன்னும் பெரிய உதாரணம். 1856-இல் தொடங்கி எட்டுப் பத்து ஆண்டுகள் அல்ல, எண்பது ஆண்டுக்காலம் அந்த ஊர் மண் புத்தர் திருமேனிகளைத் தந்துகொண்டேயிருந்தது. மொத்தம் சுமார் 350. ஸ்ரீவிஜய மன்னர் எழுப்பிய சூடாமணி விகாரத்துக்கு முதலாம் ராஜராஜன் ஆனைமங்கலத்தைக் கொடையாகக் கொடுத்தான். அந்தச் செப்பேடுகள் லெய்டன் பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர்ந்தன. விகாரத்தின் மிஞ்சிய கோபுரம் 1867-இல் இடிக்கப்பட்டது. திருமேனிகளில் கணிசமானவை எழும்பூரில் தங்கின. மற்றவை உலகெங்கும் உள்ள மியூசியங்களுக்குப் பரவின. 1954-இல் டி.என். ராமச்சந்திரன் அவற்றைப் பற்றி எழுதிய நூலும் இந்த மியூசியம் வெளியிட்டதுதான். ஒரு கடல்வாணிப நகரம் எத்தனை மதங்களுக்கு வீடாக இருந்தது என்பதற்கு இதைவிடச் சாட்சி கிடையாது. நாகப்பட்டினத்துப் பள்ளிப் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு இது தெரியும்?

சோழர்களே இந்த விஷயத்தில் நமக்கு வழிகாட்டிகள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட செப்புத் திருமேனிகளின் விவரம் பொறிக்கப்பட்டிருக்கிறது. உயரம் எத்தனை விரல், கைகள் எத்தனை, பீடம் என்ன அளவு, எழுந்தருளுவித்தவர் யார், சாத்திய நகைகள் என்ன எடை என்று ஒன்றுவிடாமல் எழுதியிருக்கிறார்கள். அந்தத் திருமேனிகளில் பெரும்பாலானவை இன்று இல்லை. ஆனால் கல்லில் இருக்கும் எழுத்தால் அவற்றை நாம் மனக்கண்ணில் நிறுத்திவிட முடிகிறது. ஆயிரம் ஆண்டுக்கு முந்தைய அந்தக் குறிப்போடு ஒப்பிட்டால், பெயர், நூற்றாண்டு, மாவட்டம் என்று மூன்று வரியில் முடியும் கண்ணாடிப் பெட்டிச் சீட்டு எவ்வளவு ஏழை!

இதைச் சொல்ல இப்போது கூடுதலான காரணம் ஒன்று உண்டு. 2023-இல் கீழடியில் அருங்காட்சியகம் திறந்தது. கிடைத்த பொருள் கிடைத்த ஊரிலேயே இருக்க வேண்டும் என்ற எண்ணத்தை அது தமிழ்நாடு முழுவதும் விதைத்துவிட்டது. திருநெல்வேலியில் பொருநை அருங்காட்சியகம் எழுந்திருக்கிறது. ஆதிச்சநல்லூரில் தோண்டிய குழியையே காட்சியாக்கியிருக்கிறார்கள். அங்கே தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ நூறாண்டுக்கு முன் எடுத்த பொன் நெற்றிப்பட்டங்களும் வெண்கலக் கலங்களும் எழும்பூரில் இருக்கின்றன. ஊர்க்காரர்கள் கேட்கிறார்கள், கேட்பார்கள். எல்லாவற்றையும் பிரித்துக் கொடுத்துவிடுவது தீர்வல்ல. வெண்கல நோய்க்கு வைத்தியம் பார்க்கும் ஆளும் கூடமும் ஊருக்கு ஊர் கிடையாது, திருட்டுப் பயமும் நீங்கவில்லை. ஆனால் ‘இங்கேதான் பத்திரம்’ என்ற ஒற்றைப் பதிலோடு எழும்பூர் உட்கார்ந்துவிடவும் கூடாது. முறை வைத்துக் கடனாக அனுப்பலாம். திருவெண்காட்டிலும் வடக்குப்பனையூரிலும் அச்சு அசலான பிரதிகளைச் சுவாமிமலை ஸ்தபதிகளைக் கொண்டே வார்த்து வைக்கலாம், அவர்களுக்கும் அது வேலை. அந்தந்த ஊர்ப் பிள்ளைகளை ஆண்டுக்கொரு முறை பஸ் வைத்து அழைத்துவந்து, ‘இது உங்கள் ஊர்ச் சாமி’ என்று காட்டலாம்.

எல்லாவற்றுக்கும் முன்னால் செய்ய வேண்டியது, கோடிகள் கேட்காத ஒரு வேலை. கிரேவ்லியும் ராமச்சந்திரனும் 1932-இல் செய்ததை இன்றுவரைக்கும் நீட்டி, தமிழில், ஊர்வாரியாக ஒரு பதிவேடு வெளியிட வேண்டும். மாவட்டம், வட்டம், ஊர், கிடைத்த ஆண்டு, கிடைத்த இடம் கோயிலா வயலா குளமா, கூடக் கிடைத்தவை, கண்டெடுத்தவர் பெயர் பதிவாகியிருந்தால் அதுவும், இப்போது எந்தக் கூடத்தில் எந்த எண்ணில் இருக்கிறது, நான்கு பக்கமும் எடுத்த படம். இணையத்தில் யாரும் இலவசமாகப் பார்க்கும்படி வைத்துவிட்டு, அச்சுப் பிரதி ஒன்றை அந்தந்த ஊர் நூலகத்துக்கும் ஊராட்சி அலுவலகத்துக்கும் அனுப்பட்டும். திருவெண்காட்டுக்காரர் ஒருவர் அதில் தன் ஊர்ப் பக்கத்தைத் திறந்து, எழும்பூரில் இருப்பவை எவை, தஞ்சைக் கலைக்கூடத்தில் இருப்பவை எவை, கோயிலிலேயே இருப்பவை எவை என்று விரல் வைத்துப் படிக்க வேண்டும்.